படைப்பிலக்கியப் பட்டமும் புரவலர் மரபும்

மருத்துவனுக்கும் வழக்கறிஞனுக்கும் சர்வகலாசாலையின் முத்திரை வேண்டும் என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. கதையும் கவிதையும் இயற்றுகிறவனுக்கும் அத்தகைய முத்திரை ஒன்று உண்டு, அதை இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்பில் இருந்து பயின்று பெறலாம் என்று சொன்னால் மட்டும், கேட்பவர்களில் பாதிப்பேர் நகைக்கிறார்கள். மற்றப் பாதிப்பேர் சந்தேகிக்கிறார்கள். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படைப்பிலக்கியத்துக்கான முதுகலைப் பட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கப்பட்டு வருகிறது. பிரிட்டனிலும் அது ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அமெரிக்காவின் சமகால இலக்கிய சரித்திரத்தை இப்பட்டத்தின் சரித்திரத்தை விலக்கிவிட்டு எழுத இயலாது என்கிற நிலைமையும் ஏற்பட்டிருக்கிறது.

இதைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: எழுத்தைக் கற்பிக்க முடியுமா, முடியாதா? இக்கேள்வி அற்பமானதென்று சொல்வதற்கில்லை. எனினும், இந்தக் கல்விமுறை பிறந்த விதத்தையும், வளர்ந்த வழியையும், அதன்மீது கூறப்பட்ட ஆட்சேபங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால், அதனினும் அடிப்படையான வேறொரு கேள்வி மேலெழுகிறது. எழுத்தாளன் எழுதிப் பழகும் அந்தச் சில ஆண்டுகளுக்கு அவனுக்குச் சோறிடுபவர் யார், அதற்கு ஈடாக அவனிடம் அவர் எதிர்பார்ப்பது யாது என்பதே அக்கேள்வி. பட்டத்தின் நன்மை தீமைகள் பலவும் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் பாரெட் வெண்டல் என்ற ஆசிரியர், பழைய நூல்களை ஆராய்வதோடு நில்லாமல் மாணவர்கள் தாமே நாள்தோறும் எழுதிப் பழக வேண்டும் என்ற நோக்கத்துடன் வகுப்பு நடத்தினார். அதே ஸ்தாபனத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடகம் எழுதக் கற்பித்தார். நாடகாசிரியர் யூஜீன் ஓநீல் 1914ஆம் ஆண்டில் அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர். நாடகம் எழுதுவதற்குப் பட்டம் வழங்க ஹார்வர்ட் இசையவில்லை; பேக்கர் 1925இல் யேல் சர்வகலாசாலைக்குச் சென்றுவிட்டார். எழுத்தைப் பாடமாக்கக் கல்வியுலகம் இணங்கிற்று, பட்டமாக்க எளிதில் இணங்கவில்லை என்பதற்கு இது தக்க உதாரணம்.

அந்தத் தயக்கத்தை உடைத்தது, கிழக்குக் கடற்கரையின் புகழ்பெற்ற கலாசாலை எதுவும் அன்று; சோளக்கொல்லைகளின் நடுவே அமைந்த அயோவா சர்வகலாசாலையே. அங்கே 1897இலேயே செய்யுளியற்றும் வகுப்பு ஒன்று நடந்திருக்கிறது. உளவியல் அறிஞரும் முதுநிலைக் கல்வித் தலைவருமான கார்ல் சீஷோர், உயர் பட்டங்களுக்கு ஆராய்ச்சி நூலைப் போலவே படைப்பு நூலையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று 1922இல் அறிவித்தார். இந்த அறிவிப்பே பிற்கால வளர்ச்சி அனைத்துக்கும் வித்து. 1931இல் மேரி ஹூவர் ராபர்ட்ஸ் என்பவரின் கவிதைத் தொகுதி பட்டத்துக்குரிய நூலாக அங்கீகரிக்கப்பட்டது. பால் எங்கிள் என்ற இளைஞர் சமர்ப்பித்த கவிதைகள், யேல் சர்வகலாசாலை இளங்கவிகளுக்கு வழங்கும் பரிசைப் பெற்று 1932இல் நூலாயின. வாலஸ் ஸ்டெக்னர் சிறுகதைகளையே சமர்ப்பித்து முதுகலைப் பட்டம் பெற்றார். 1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் ‘எழுத்தாளர் பட்டறை’ முறையாகத் தொடங்கிற்று. வெகுஜனத் தொடர்பியல் என்ற துறைக்குப் பிற்காலத்தில் அடிகோலியவரும் இந்த ஷ்ராமே.

ஷ்ராமை அடுத்து 1941இல் பட்டறையின் பொறுப்பை ஏற்று, 1965 வரை அதை நடத்தியவர் மேற்சொன்ன பால் எங்கிள். குதிரைகளைப் பழக்கும் ஒருவரின் மைந்தராக அயோவா மண்ணிலேயே பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டு வரை சென்று படித்துத் திரும்பிய எங்கிள், கவிஞர் என்ற முறையில் இன்று அதிகம் நினைக்கப்படுவதில்லை. பொருள் திரட்டும் ஆற்றலில் மட்டும் அவருக்கு இணையான இலக்கியவாதியைக் காண்பது அரிது. துணி துவைக்கும் இயந்திரம் செய்த மேடாக் கம்பெனியிடமும், ஓட்ஸ் தானியம் விற்ற குவேக்கர் கம்பெனியிடமும், ராக்ஃபெல்லர் அறநிலையத்திடமும் சென்று, கவிஞர்களின் ஜீவனத்துக்கு நன்கொடை கேட்டு வாங்கி வந்தவர் அவர்.

இவருடைய முயற்சிக்குக் காலமும் துணைநின்றது. இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து மீண்ட வீரர்கள் அரசாங்கச் செலவில் உயர்கல்வி பெறுவதற்கு வகைசெய்யும் சட்டம் 1944இல் அமெரிக்காவில் நிறைவேறிற்று. கல்விக் கட்டணத்தோடு ஜீவனத்துக்கான தொகையையும் அச்சட்டம் அளித்தபடியால், போர்க்களத்தில் கண்டதையும் பட்டதையும் எழுதித் தீர்க்கும் வேட்கை கொண்ட இளைஞர்கள் பலர் சர்வகலாசாலைகளை நாடினர். அயோவா நதிக்கரையில் இராணுவத்தின் பழைய தகரக் கொட்டகைகளில் அவர்களுக்கு வகுப்புகள் நடந்தன. அந்த வீரர்களுக்கிடையே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண், 1947இல் பட்டம் பெற்ற ஃப்ளானரி ஓகானர். அவர் முதன்முதலாக எங்கிளைச் சந்தித்தபோது, அவருடைய தென்னாட்டு உச்சரிப்பு எங்கிளுக்குப் புரியாமற் போகவே, சொல்ல வந்ததைக் காகிதத்தில் எழுதிக் காட்டும்படி கேட்டுக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது.

அயோவாவில் பயின்ற ஸ்டெக்னர் 1946இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். டெக்ஸாஸ் எண்ணெய்க் கிணறுகளின் செல்வம் அதற்கு மூலதனமாயிற்று. மறு ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை அவ்வழியில் சென்றது. 1967இல் 15 எழுத்தாளர்கள் கூடி இத்தகைய கல்வித் திட்டங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். ‘தி ப்ரோக்ராம் எரா’ என்ற விரிவான ஆராய்ச்சி நூலை 2009இல் வெளியிட்ட மார்க் மெக்கர்ல் தரும் கணக்கின்படி, 1975இல் ஐம்பதை ஒட்டியிருந்த இத்திட்டங்கள் 2004இல் 350க்கு மேல் பெருகிவிட்டன.

பிரிட்டனில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் கிழக்கு ஆங்கிலியா சர்வகலாசாலையில் 1970இல் முதுகலை வகுப்பைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த ஒரே மாணவர், பின்னர் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற இயன் மக்கீவன். சோவியத் ருஷ்யாவிலோ 1933இலேயே கார்க்கியின் முயற்சியால் எழுத்தாளர்களுக்கென்று ஓர் உயர்கல்வி ஸ்தாபனம் மாஸ்கோவில் எழுந்திருந்தது. கிர்கிஸ் நாவலாசிரியர் சிங்கிஸ் ஐத்மாத்தவும் அல்பேனிய நாவலாசிரியர் இஸ்மாயில் கதாரேயும் அங்கே பயின்றவர்களே. ஆகவே, எழுத்தாளனைக் கலாசாலையில் உருவாக்கும் எண்ணத்தை அமெரிக்கர்களின் தனிப்பட்ட விசித்திரம் என்று தள்ளிவிடுவது பொருந்தாது. செலவை ஏற்றவர் ஓரிடத்தில் அரசாங்கம், ஓரிடத்தில் வணிகர், பிறிதோரிடத்தில் மாணவனே என்பதுதான் வேற்றுமை.

பயிற்சியின் முறை

அமெரிக்காவில் இப்பட்டம் பெரும்பாலும் எம்.எஃப்.ஏ. எனப்படும் முதுநுண்கலைப் பட்டமாகும். ஓவியனும் சிற்பியும் நடிகனும் தத்தம் கலையில் பெறும் பட்டமே எழுத்தாளனுக்கும் கிடைக்கிறது; அத்துறையில் அதுவே இறுதிப் பட்டமாகவும் கருதப்படுகிறது. காலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ. வகுப்பே வழக்கம், மேலும் தொடர விரும்புவோருக்கு, ஒரு நாவலையும் அதனோடு இணைந்த விமரிசன ஆய்வையும் சேர்த்துச் சமர்ப்பிக்கும் முனைவர் பட்டம் உண்டு. வேலையை விட்டு வர இயலாதவர்களுக்காக, ஆண்டுக்கு இருமுறை சில நாட்கள் மட்டும் வளாகத்தில் கூடி, மற்றக் காலத்தில் ஆசிரியரோடு தபால் வழியே தொடர்புகொள்ளும் முறை ஒன்றும் அமெரிக்காவில் 1976இல் காடர்ட் கல்லூரியில் தோன்றி, இப்போது பல இடங்களில் பரவியிருக்கிறது.

சேர்க்கைக்கு முதன்மையாகக் கருதப்படுவது விண்ணப்பதாரர் அனுப்பும் கைப்பிரதியே. மதிப்பெண்களும் சிபாரிசுக் கடிதங்களும் அதற்கு அடுத்தபடியே. அயோவாவில் புனைகதைக்கு ஏறத்தாழ 25 பேரும் கவிதைக்கு ஏறத்தாழ 25 பேரும் ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். விண்ணப்பிப்பவர்களோ ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஆதலால் இக்கல்வியின் மிகக் கடினமான பரீட்சை, கல்வி தொடங்குவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

படிப்பின் இதயஸ்தானம் பட்டறை வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களுள் இருவர் எழுதிய கதைகளோ கவிதைகளோ ஒரு வாரம் முன்னதாகவே பிரதி செய்து வழங்கப்பட்டிருக்கும். அனைவரும் அவற்றைப் படித்து, ஓரங்களில் குறிப்பெழுதிக் கொண்டு வந்திருப்பார்கள். பிறகு விவாதம் நிகழ்கிறது. தொடக்கம் எங்கே தளர்கிறது, பாத்திரத்தின் நடத்தைக்குக் காரணம் தெளிவாக இருக்கிறதா, கதைசொல்லி அறிந்திருக்கக்கூடாத செய்தியை எங்கே கசியவிட்டிருக்கிறார் என்றெல்லாம் மாணவர்களும் ஆசிரியரும் ஆராய்கிறார்கள். இவ்வளவும் நடந்து முடியும்வரை எழுதியவர் வாய்திறக்கக் கூடாது என்பது நெடுநாளையச் சம்பிரதாயம். நம் முன்னோர் நூலை அரங்கேற்றியபோது, அவையோர் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் எழுந்து நின்று விடை கூறும் கடமை புலவனுக்கே இருந்தது. அயோவாவின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. அச்சேறிய நூலின் பக்கத்தில் ஆசிரியன் நின்று விளக்கம் சொல்ல முடியாதாகையால், பிரதி தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்ற தத்துவம் அதன் பின்னே நிற்கிறது.

பட்டறையோடு இலக்கியப் பாடங்களும் உண்டு. ஆனால் அவை ஆராய்ச்சி மாணவனுக்குரிய பாடங்களல்ல. ஒரு நாவலின் காலத்தையும் கருத்தையும் ஆராய்வதைக் காட்டிலும், அதன் ஆசிரியர் ஓர் அத்தியாயத்தை ஏன் அங்கே முடித்தார், ஒரு காட்சியை விவரிக்காமல் ஏன் தாண்டிச் சென்றார் என்று, ஒரு தச்சன் மற்றொரு தச்சனின் வேலைப்பாட்டைத் தடவிப் பார்ப்பதுபோலப் பார்க்கக் கற்பிப்பதே அவற்றின் நோக்கம். முடிவில், நூலளவு நீண்ட ஒரு கைப்பிரதியைச் சமர்ப்பித்தால் பட்டம் கிடைக்கிறது. அது பிரசுரமாகும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

எழுத்தைக் கற்பிக்கலாகுமா?

இந்தக் கேள்விக்கு ஆசிரியர்களே தரும் விடை வியப்பூட்டுவது. எழுத்தைக் கற்பிக்க இயலாது என்ற பொது அபிப்பிராயத்தைத் தாங்களும் ஓரளவு ஒப்புக்கொள்வதாகவும், இயல்பான திறமையை வளர்க்கலாம் என்ற நம்பிக்கையில் மட்டுமே தாங்கள் இயங்குவதாகவும், தம் மாணவர்கள் அடைந்த புகழ் அவர்கள் இங்கே பெற்றதைவிட இங்கே கொண்டுவந்ததனால் விளைந்தது என்றும் அயோவாப் பட்டறையே தன் அறிமுகத்தில் கூறிக்கொள்கிறது. சர்வகலாசாலைகள் எழுத்தாளர்களை நசுக்கிவிடுகின்றனவா என்று கேட்டவர்களுக்கு, போதுமான அளவு நசுக்கவில்லை என்பதே தம் எண்ணம் என்று ஓகானர் சொன்ன விடை இன்றளவும் நினைக்கப்படுகிறது. லண்டனிலுள்ள ஒரு சர்வகலாசாலையில் படைப்பிலக்கியப் பேராசிரியராக இருந்துகொண்டே, இவ்வகுப்புகள் காலவிரயம் என்று 2014இல் பகிரங்கமாகக் கூறினார் ஹனீஃப் குரேஷி. நாவலாசிரியர் நபக்கோவைப் பேராசிரியராக்கலாமா என்ற யோசனை ஹார்வர்டில் எழுந்தபோது, யானை பெரிய பிராணிதான், அதற்காக அதை விலங்கியல் பேராசிரியராக்கிவிடலாமா என்று மொழியியல் அறிஞர் ரோமன் யாக்கப்சன் பரிகசித்ததாக வழங்கும் கதையும் பிரசித்தமானதே.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், கற்பிக்கத்தக்கது, கற்பிக்கலாகாதது என இரு கூறுகள் தெளிவாகப் பிரிகின்றன. நோக்குநிலையைக் கையாளுதல், உரையாடலைச் சுருக்குதல், காலத்தை முன்னும் பின்னும் நகர்த்துதல், யாப்பின் அமைப்பை உணர்தல் ஆகியவை தொழில்நுட்பங்கள். சங்கீதத்தில் சரளி வரிசையைப்போல ஆசிரியரிடம் அப்பியாசம் செய்து பெறத்தக்கவை. சொல்ல வேண்டிய விஷயமும், அதைச் சொல்லியே தீரவேண்டும் என்ற உள்ளெழுச்சியும், உலகத்தைத் தன் கண்ணால் பார்க்கும் துணிவும் எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்குவதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் கற்பிக்க வேண்டியதுமில்லை, அதற்கு இடம் கொடுத்தால் போதும். அதுதான் அவகாசம். கஸுவோ இஷிகுரோ கிழக்கு ஆங்கிலியாவில் சேர்வதற்குமுன் லண்டனில் வீடற்றவர்களுக்கு உதவும் சமூகப் பணியில் ஈடுபட்டிருந்தார். 1980இல் பட்டம் பெற்று, அங்கே எழுதியதை வளர்த்து 1982இல் முதல் நாவலை வெளியிட்டார். 2017இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஓராண்டு அவருக்கு அளித்தது எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட காலத்தை. சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வரின் சரித்திரம் இதே உண்மையை மறுபுறத்திலிருந்து காட்டுகிறது. கலிஃபோர்னியாவின் சிறுநகரக் கல்லூரி ஒன்றில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜான் கார்ட்னர், மனைவி மக்களோடு நெருக்கடியில் வாழ்ந்த அம்மாணவர் அமைதியாக இருந்து எழுதும்பொருட்டுத் தம் அலுவலக அறையின் சாவியையே கொடுத்துவைத்தார். பின்னர் 1963இல் அயோவாவுக்குச் சென்ற கார்வர், வறுமையின் நிர்ப்பந்தத்தால் பட்டம் பெறாமலே வெளியேறினார். ஆசிரியர் கொடுத்த சாவி பலித்தது. ஊதியம் போதாத பட்டப்படிப்பு பாதியில் நின்றது.

ஆட்சேபங்கள்

இக்கல்வியின்மீது கூறப்படும் குற்றங்களுள் முதலாவது, அது எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது என்பது. ஒரு மேஜையைச் சுற்றியுள்ள பன்னிரண்டு பேரும் ஆட்சேபிக்காத கதையை எழுதப் பழகியவன், நாளடைவில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காத கதையையே எழுதுவான் என்பது இவ்வாதத்தின் சாரம். எலிஃப் பதுமான் 2010இல் ‘லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ பத்திரிகையில் எழுதிய கடுமையான கட்டுரையில், பட்டறையில் விளைந்த எழுத்து நடையில் நேர்த்தியும், சரித்திர அறிவிலும் பொருட்செறிவிலும் வறுமையும் கொண்டது என்று சாடினார். மெக்கர்லோ தம் நூலில், யுத்தத்துக்குப் பிந்திய அமெரிக்கப் புனைகதையின் செழுமைக்கே சர்வகலாசாலைதான் ஆதாரம் என்று வாதித்தார். இரண்டிலும் உண்மை உண்டு. சராசரி எழுத்தின் தரம் உயர்ந்திருக்கிறது என்பதையும், அந்தச் சராசரியை மீறும் எழுத்துக்குப் பட்டறையில் தனி ஊக்கம் எதுவும் கிடைப்பதில்லை என்பதையும் ஒருசேர ஒப்புக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆட்சேபம் அரசியல் சார்ந்தது. எரிக் பென்னெட் 2015இல் வெளியிட்ட ‘வர்க்‌ஷாப்ஸ் ஆஃப் எம்பையர்’ என்ற நூலில், பனிப்போர்க் காலத்தில் எங்கிள் நன்கொடை திரட்டியபோது, சோவியத் நாடு அயல்நாட்டு மாணவர்களைக் கவர்ந்திழுப்பதைச் சுட்டிக்காட்டி, அமெரிக்காவும் இளம் எழுத்தாளர்களைத் தன்பால் ஈர்க்கவேண்டும் என்று வாதாடியதை ஆதாரங்களோடு எடுத்துக்காட்டினார். அமெரிக்க உளவுத்துறையின் திரையாக இயங்கிய ஃபார்ஃபீல்ட் அறநிலையத்தின் பணமும் எங்கிள் அயோவாவில் பின்னர் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு வந்திருக்கிறது. சித்தாந்தத்தையும் பொதுக் கருத்துக்களையும் தவிர்த்துவிட்டுப் புலனனுபவத்தையும் தனிமனிதனின் அந்தரங்கத்தையும் மட்டும் எழுதும் ரசனை அங்கே வேரூன்றியதற்கு இந்தச் சூழ்நிலையும் காரணம் என்பது பென்னெட்டின் வாதம். எழுத்தாளன் ஒவ்வொருவனும் உத்தரவுக்குப் பணிந்து எழுதினான் என்று இதற்குப் பொருள் கொள்வது மிகை. ஆனால், பணம் கொடுத்தவரின் விருப்பம் பாடத்திட்டத்தின் ரசனையாக வடிவெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று.

மூன்றாவது ஆட்சேபம் அண்மைக்காலத்தது; நம்மைப் போன்றவர்களுக்கு மிக நெருங்கியது. டொமினிகன் நாட்டில் பிறந்த ஜூனோ தியாஸ், தாம் கார்னெல் சர்வகலாசாலையில் பயின்ற நாட்களைப் பற்றி 2014இல் எழுதியபோது, வெள்ளையரல்லாத மாணவனின் உலகம் அந்த மேஜையில் எவ்வாறு அந்நியமாகவே கருதப்பட்டது என்பதைச் சினத்தோடு விவரித்தார். கொரியாவில் பிறந்து அமெரிக்கக் குடும்பத்தில் வளர்ந்த மாத்யூ சலசஸ், 2021இல் வெளியிட்ட நூலில், ‘நல்ல கதை’க்கு இலட்சணம் என்று பட்டறை கற்பிக்கும் விதிகள் எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவானவையல்ல, ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பழக்கங்களே என்று நிறுவினார். சபையில் இருப்பவர்கள் தன் பண்பாட்டை அறியாதபோது, எழுதியவனை வாய்மூடியிருக்கச் செய்யும் பழைய விதி அவனுக்குப் பாடமாவதில்லை, தண்டனையாகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எழுதியவரே முதலில் பேசி, தம் ஐயங்களை முன்வைத்து விவாதத்தை நடத்திச் செல்லும் மாற்று முறைகள் பல இடங்களில் வழக்கத்துக்கு வந்துள்ளன.

இவற்றோடு ஒரு விசித்திரத்தையும் குறிப்பிட வேண்டும். 1967இல் அமைந்த சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முதல்வராக நின்ற ஆர். வி. காஸில், அதன் பதினைந்தாம் ஆண்டு விழாவிலேயே, கலாசாலை வாழ்வு எழுத்தாளர்களைக் கெடுத்துவிட்டது, சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று பேசினார். சங்கம் கலையவில்லை; பெருகிற்று.

பொருள் நிலை

மேற்கண்ட ஆட்சேபங்களையெல்லாம்விட, இப்பட்டத்தை நாடும் இளைஞன் முதலில் சிந்திக்க வேண்டியது பணத்தைப் பற்றி. கல்வித் திட்டங்கள் இவ்விஷயத்தில் இருவகைப்படும். முதல்வகையில், சேர்த்துக்கொள்ளப்பட்ட மாணவனுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாவதோடு, வாழ்க்கைச் செலவுக்கு உபகாரச்சம்பளமும் கிடைக்கிறது. அதற்கு ஈடாகப் பல இடங்களில் அவன் இளங்கலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் பாடத்தைக் கற்பிக்க வேண்டியிருக்கும். நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்சனரின் கொடையால் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் நடக்கும் மூன்றாண்டுத் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. மிச்சிகன் சர்வகலாசாலையின் திட்டத்துக்கு 2013இல் ஹெலன் ஸெல் என்ற பெருமாட்டி 5 கோடி டாலர் வழங்கினார். ஸ்டெக்னர் நிறுவிய ஸ்டான்ஃபோர்டுத் திட்டம் பட்டம் எதுவும் வழங்குவதில்லை. இரண்டு ஆண்டுகள் உபகாரச்சம்பளம் கொடுத்து எழுதச் சொல்கிறது, அவ்வளவே. பட்டமே இல்லாத இவ்விடத்துக்குப் பட்டதாரிகளும் போட்டியிடுகிறார்கள் என்பது, எழுத்தாளர்கள் உண்மையில் தேடுவது எதை என்பதற்குச் சாட்சி.

இரண்டாம் வகையில் கட்டணமும் ஜீவனமும் மாணவனின் பொறுப்பே. பெருநகரங்களில் இத்தகைய படிப்பு மிகுந்த செலவுடையது. கடன் வாங்கிப் படிப்பவர்களும் பலர். கடனைத் தீர்க்க இப்பட்டம் உதவுமா என்றால், அதற்கு நேரான வழி ஆசிரியப் பதவி ஒன்றே. ஆனால் பட்டம் பெற்று வெளிவருவோரின் தொகை, நிலையான ஆசிரியப் பதவிகளின் தொகையைவிட மிகப் பெரிது. பதவிக்கு வருவோரிடம் பட்டத்தோடு பிரசுரமான நூல்களையும் எதிர்பார்க்கிறார்கள். எஞ்சியவர்கள் பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் வகுப்பெடுத்துச் சொற்ப ஊதியத்தில் காலம் தள்ளுகிறார்கள். அமெரிக்க எழுத்துலகம் சர்வகலாசாலைச் சம்பளத்தை நம்பி வாழ்வோர், நியூயார்க் பிரசுரகர்த்தர்களின் முன்பணத்தை நம்பி வாழ்வோர் என இரு முகாம்களாகப் பிரிந்திருக்கிறது என்று சாட் ஹார்பாக் 2010இல் எழுதிய கட்டுரை, கலையைப் பற்றிய சச்சரவாகத் தோன்றுவது பெரும்பாலும் ஜீவனத்தைப் பற்றியது என்பதை வெளிப்படையாகச் சொல்லிற்று.

திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடம் கேட்ட சரித்திரத்தை அறிந்த தமிழர்களுக்கு, வித்தைக்குப் புரவலர் வேண்டும் என்பது புதிய செய்தியன்று. சிற்றரசனும் மடமும் வகித்த ஸ்தானத்தை அமெரிக்காவில் சர்வகலாசாலை ஏற்றுக்கொண்டது. முதல்வகைத் திட்டம் அந்த மரபின் தொடர்ச்சி. இரண்டாம் வகையில் புரவலர் இல்லை. மாணவனே அங்கே புரவலன், அவன் செலுத்தும் கட்டணத்தில் ஸ்தாபனம் வாழ்கிறது.

நம்மவர் தொடர்பு

இந்தியாவிலிருந்து இப்பாதையில் முற்பட்டுச் சென்றவர்களுள் ஒருவர், கல்கத்தாவில் பிறந்த பாரதி முகர்ஜி. அயோவாவில் 1963இல் முதுநுண்கலைப் பட்டமும், பின்னர் அங்கேயே முனைவர் பட்டமும் பெற்று, ஆங்கிலத்தில் எழுதி, அமெரிக்க நூல் விமரிசகர்களின் பரிசை 1988ஆம் ஆண்டுக்குரியதாகப் பெற்றவர் அவர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தன் அயோவாவில் பட்டம் பெற்றவர். 1980களின் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட அவருடைய ‘பிரதர்லெஸ் நைட்’ நாவல் 2024இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசை வென்றது. இன்று அவர் மின்னசோட்டா சர்வகலாசாலையில் இதே கல்வியின் ஆசிரியராக இருக்கிறார். அயோவாவுக்கு நோயெதிர்ப்பியல் படிக்க வந்து எழுத்துக்கு மாறிய சீனப் பெண்மணி யியுன் லீயைப்போல, பிற்காலத்தில் கற்ற மொழியில் பெரிய எழுத்தாளரானோரும் இருக்கிறார்கள்.

ஆனால் இவர்கள் அனைவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். தாய்மொழியில் எழுதுகிற ஆசிய, ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கு அயோவா திறந்துவைத்த கதவு வேறு. எங்கிளும் சீன நாவலாசிரியை ஹுவாலிங் நியேவும் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டம் பட்டம் தருவதில்லை, பரீட்சை வைப்பதில்லை. பிரசுரமாகிப் பெயர்பெற்ற எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதங்கள் தங்கவைக்கிறது. வங்கக் கவிஞர் சுனில் கங்கோபாத்யாய் அதற்கு முன்னரே எங்கிளின் அழைப்பில் அயோவா சென்றவர். அவர் தாயகம் திரும்பி வங்கமொழியிலேயே எழுதினார். தமிழிலிருந்து 1973இல் அசோகமித்திரன் சென்றார். பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் அருகருகே வாழ நேர்ந்த அந்த அனுபவத்திலிருந்து விளைந்ததே அவருடைய ‘ஒற்றன்’ நாவல். பாடம் எதுவும் கேளாமல், தங்கிய அறையும் கிடைத்த அவகாசமும் மட்டுமே ஒரு தமிழ் நூலுக்குக் காரணமாயிருந்தன என்பது இங்கே கருதத்தக்கது.

தமிழில் எழுத விரும்புகிறவனுக்கு அமெரிக்கப் பட்டறை நேரடியாகப் பயன்படாது என்பதும் இதனாலேயே விளங்கும். அவன் வாக்கியத்தின் ஓசையைக் கேட்டுத் திருத்தக்கூடியவர் அந்த மேஜையில் எவருமில்லை. ஸ்பானிஷ் மொழிக்கு மட்டும் அந்நாட்டில் விதிவிலக்கு உண்டு: டெக்ஸாஸின் எல் பாசோ நகரத்துச் சர்வகலாசாலை இருமொழியிலும் பட்டம் தருகிறது. மொழி ஒன்று போதிய மக்கள்தொகையும் ஆதரவும் பெறுமானால் அதற்கும் பட்டறை அமையலாம் என்பதையே இது காட்டுகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிபுகளை வரையறுக்கலாம். படைப்பிலக்கியப் பட்டம் மேதையை உண்டாக்குவதில்லை, மேதையைக் கொன்றுவிடுவதுமில்லை. தொழில்நுட்பத்தை அது கற்பிக்கிறது. தனிமையில் பத்தாண்டுகள் தட்டுத்தடுமாறி அறியக்கூடியதைச் சிலருக்கு இரண்டு ஆண்டுகளில் அறிவிக்கிறது. கூர்ந்து படிக்கும் முதல் வாசகர்களைத் தேடித் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அவகாசம் தருகிறது. ஆகவே, இதை நாடுகிறவன் கேட்டறிய வேண்டியவை மூன்று: தன் ஜீவனத்தை ஸ்தாபனம் ஏற்கிறதா, தன் மொழியையும் தன் உலகத்தையும் அறிந்து படிக்கக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்களா, கற்பிக்கும் எழுத்தாளர்கள் உண்மையாகவே வகுப்புக்கு வருகிறார்களா, பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறார்களா. முதற் கேள்விக்கு விடை இல்லை என்றால், மற்ற இரண்டும் எவ்வளவு சாதகமாக இருந்தபோதிலும் கடன்பட்டுப் போவது விவேகமன்று. கடனாளியாகி வெளிவருபவன், எந்த அவகாசத்தைத் தேடிச் சென்றானோ அதையே அடுத்த பல ஆண்டுகளுக்கு அடகுவைத்துவிடுகிறான்.

நம் நாட்டுக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளில் படைப்பிலக்கியம் ஒரு பாடமாக இடம்பெறுவதுண்டு. ஆயினும் தேர்வு விடைத்தாளுக்குள் அடங்கும் அளவிலேயே அது பெரும்பாலும் நிற்கிறது. தமிழில் முழுமையான பட்டம் ஒன்றை அமைக்க எந்தச் சர்வகலாசாலையாவது முன்வருமானால், பாடத்திட்டம் வகுப்பதற்கு முன்னதாக அது செய்யவேண்டிய காரியம், ஆண்டுக்குப் பத்துப் பேருக்காயினும் இரண்டு ஆண்டுகள் கவலையின்றி உண்ணவும் உறங்கவும் எழுதவும் போதுமான நிதியைத் திரட்டி, அந்நிதியைக் கொடுத்தவர்கள் வகுப்பறைக்குள் தலையிடாதவாறு விதி எழுதிவைப்பதே. அயோவாவின் சரித்திரம் நமக்குத் தரும் பாடங்களுள், தவறாமல் பின்பற்றத்தக்க பாதியும் தவறாமல் விலக்கத்தக்க பாதியும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன.